எண்ணெய் காட்டாத கீரை உடம்பில் ஒட்டுமா?

கேள்வி: வணக்கம் அம்மா. எனக்கு 46 வயது. தேனி மாவட்டத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறோம். நான்கு மாதங்களுக்கு முன் என் கணவருக்கு ரத்தப் பரிசோதனை செய்தபோது கெட்ட கொழுப்பு கூடுதலாக இருப்பதாகச் சொன்னார்கள். எண்ணெயைக் குறைக்கும்படி டாக்டர் சொன்னார். அன்றிலிருந்து கீரைக்கு ஒரு சொட்டு எண்ணெய்கூட விடுவதில்லை. வாரத்தில் நாலு நாள் முருங்கைக்கீரையோ தண்டங்கீரையோ உப்புப் போட்டு வேகவைத்து, தண்ணீரை இறுத்துவிட்டு வைக்கிறேன். அவர் முகத்தைச் சுளித்துக்கொண்டே சாப்பிடுகிறார். என் மாமியார், ‘எண்ணெய் காட்டாத கீரை உடம்புல ஒட்டாது’ என்கிறார். கல்லூரியில் படிக்கும் மகளோ 100 கிராம் கீரையில் என்ன இருக்கிறது, 100 கிராம் எண்ணெயில் என்ன இருக்கிறது என்று செல்போனில் பார்த்து நோட்டில் எழுதிக் காட்டுகிறாள். அதில் வைட்டமின் ஈ எண்ணெயில்தான் பல மடங்கு. நாங்கள் வாங்கும் சூரியகாந்தி எண்ணெய் பாக்கெட்டிலும் வைட்டமின் ஏ, டி சேர்த்தது என்று போட்டிருக்கிறது. ‘அப்புறம் கீரை எதுக்கும்மா, எண்ணெயே போதுமே’ என்று கேட்கிறாள். மூவரில் யார் சொல்வது சரி? செக்கு எண்ணெய்க்கு மாறிவிடலாமா? கீரை வடித்த தண்ணீரைக் கொட்டுவது தப்பா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மாமியார் சொன்னதுதான் சரி. அவர்கள் எந்த அட்டவணையையும் பார்க்கவில்லை. ஆனால் அட்டவணையில் எழுதாத ஒன்றைச் சொல்லியிருக்கிறார்கள். உங்கள் மகள் எழுதிய எண்களிலும் பிழையில்லை. அவற்றைப் படித்த விதத்தில்தான் சறுக்கல். எண்ணெயைக் குறைக்க நீங்கள் நினைத்ததும் நல்லதுதான், குறைத்த இடம்தான் தவறு. ஒரு வீட்டில் எண்ணெய் போகிற பத்து வழிகளில் கீரைச்சட்டிக்குப் போகிற வழியைக் கடைசியாகத்தான் அடைக்க வேண்டும். நீங்கள் அதை முதலில் அடைத்துவிட்டீர்கள்.

மகளின் நோட்டிலிருந்தே தொடங்குகிறேன். அந்தப் பெண் கேட்ட கேள்வி நல்ல கேள்வி. அதற்கு ‘பெரியவங்க சொன்னா கேளு’ என்று பதில் சொல்லக் கூடாது, கணக்கோடுதான் பதில் சொல்ல வேண்டும்.

ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட இந்திய உணவுகளின் சத்து அட்டவணை என் மேசையில் எப்போதும் திறந்தே கிடக்கும். இந்த நிறுவனம் 1918இல் நம் குன்னூரில், வைட்டமின் பி1 குறைவால் வரும் பெரிபெரி நோயை ஆராய்வதற்கான ஒரு சின்னப் பிரிவாகத் தொடங்கியது. ஹைதராபாத்துக்குப் போனது 1958இல்தான். இந்திய உணவுகளில் என்ன சத்து இருக்கிறது என்று 1937இல் வெளியான முன்னோடிப் பட்டியல் ஒன்றும் குன்னூர் ஆய்வுக்கூடத்தின் உழைப்புதான். கீரைக்கு நாம் இன்று சொல்லும் எண்களுக்கு வேர் நீலகிரி மலையில் இருக்கிறது. அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசுக்கு நிறைவாக இருக்கும்.

அந்த அட்டவணைப்படி, ஆய்ந்த பச்சை முருங்கை இலை 100 கிராமில் சுமார் 67 கலோரி இருக்கிறது. புரதம் 6 கிராமுக்கு மேல், நார்ச்சத்து 8 கிராம், கால்சியம் 300 மில்லிகிராமுக்கு மேல், இரும்பு நாலரை மில்லிகிராம். வைட்டமின் சி 100 மில்லிகிராமைத் தொடுகிறது. கொழுப்பு ஒன்றரை கிராம் சொச்சம்தான். மிச்சத்தில் பெரும்பங்கு தண்ணீர். எண்ணெயின் கணக்கு ஒரே வரியில் முடிந்துவிடும். நல்லெண்ணெயோ கடலை எண்ணெயோ சூரியகாந்தியோ, 100 கிராமில் 100 கிராமும் கொழுப்பு, 900 கலோரி. புரதம், நார், சுண்ணாம்புச்சத்து, இரும்பு, வைட்டமின் சி எதுவும் கிடையாது. தண்ணீர்கூடக் கிடையாது. கலோரியை மட்டும் பார்த்தால், ஒரு மேசைக்கரண்டி எண்ணெயும் அரைக் கிலோ பாலக்கீரையும் ஒன்று: இரண்டும் 120 கலோரி.

இப்போது உங்கள் மகளின் சறுக்கலுக்கு வருகிறேன். 100 கிராம் பாலக்கீரையில் வைட்டமின் ஈ 2 மில்லிகிராம். 100 கிராம் சூரியகாந்தி எண்ணெயில் 41 மில்லிகிராம். இருபது மடங்கு என்று நோட்டில் எழுதியிருப்பாள், கணக்கு சரிதான். ஆனால் 100 கிராம் எண்ணெயை யார் சாப்பிடுகிறார்கள்? நம் தட்டில் கீரை 100 கிராம் விழும், எண்ணெய் ஒரு டீஸ்பூன் விழும். ஒரு டீஸ்பூன் என்பது 5 மில்லி, எடையில் நாலரை கிராம். அதில் இருக்கும் வைட்டமின் ஈ எவ்வளவு என்று அவளையே பெருக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். 1.8 மில்லிகிராம் சொச்சம் வரும். நோட்டில் இருபது மடங்காக இருந்தது தட்டுக்கு வந்ததும் சமமாகிவிட்டது.

100 கிராம் என்பது ஆய்வுக்கூடத்தின் வசதிக்காக வைத்த அளவு. வயிறு அந்த அளவில் சாப்பிடுவதில்லை. முருங்கைக்கீரையில் பாலைப்போல் இத்தனை மடங்கு கால்சியம், ஆரஞ்சைப்போல் இத்தனை மடங்கு வைட்டமின் சி என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிற செய்திகளிலும் இதே கோளாறு உண்டு. காயவைத்து அரைத்த பொடியைப் பச்சைப்பாலோடு கிராமுக்குக் கிராம் ஒப்பிட்டால் மடங்கு பெரிதாகத்தான் தெரியும். பொடி ஒரு ஸ்பூன்தான் போடுவோம், பாலோ ஒரு தம்ளர் குடிப்போம். நான் முருங்கையின் பக்கம் நிற்பவள். ஆனாலும் இந்த மாதிரி மிகைப்படுத்தலால் அதற்கு மரியாதை கூடுவதில்லை என்றே நினைக்கிறேன்.

அடுத்தது, பாக்கெட்டில் போட்டிருக்கும் வைட்டமின் ஏ. இதில் உங்கள் மகள் பக்கம் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. நீல நிறத்தில் கூட்டல் குறியும் ‘எஃப்’ எழுத்தும் போட்டு வரும் செறிவூட்டிய எண்ணெயில் ஒரு கிராமுக்கு 6 முதல் 9.9 மைக்ரோகிராம் வரை வைட்டமின் ஏ சேர்த்திருக்க வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. அது உடம்புக்கு நேரடியாகப் பயன்படும் வடிவம். கீரையில் இருப்பது பீட்டா கரோட்டின். உடம்பு அதை வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்ள வேண்டும். 12 மைக்ரோகிராம் கரோட்டின் போனால் 1 மைக்ரோகிராம் வைட்டமின் ஏ கிடைக்கும் என்பதுதான் பொதுவாகப் போடும் கணக்கு. ஆகவே மைக்ரோகிராமுக்கு மைக்ரோகிராம் பார்த்தால் எண்ணெயில் இருப்பதற்குத்தான் வலு அதிகம்.

ஆனால் மறுபடியும் தட்டுக்கு வாருங்கள். ஒரு டீஸ்பூன் செறிவூட்டிய எண்ணெயில் 27 முதல் 45 மைக்ரோகிராம். முருங்கைக்கீரைக்கு நான் குறைந்த கணக்கையே எடுக்கிறேன்: பழைய அட்டவணையில் 100 கிராமுக்கு 6,780 மைக்ரோகிராம் கரோட்டின். 2017 அட்டவணையில் இதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேலே போட்டிருக்கிறார்கள். குறைந்த கணக்கையே 12ஆல் வகுத்தாலும் 565 வருகிறது. ஒரு பெண்ணுக்கு ஒரு நாளைக்கு வேண்டியது 840, ஆணுக்கு 1,000. அந்த 840ஐ முழுக்க எண்ணெயிலிருந்தே வாங்க நினைத்தால் 85 முதல் 140 கிராம் எண்ணெய் குடிக்க வேண்டும். அதில் மட்டும் 765 முதல் 1,260 கலோரி. ‘எண்ணெயே போதும்’ என்ற பேச்சு இந்த இடத்தில் நின்றுவிடுகிறது. கரோட்டினும் வைட்டமின் ஈயும் போக, கீரையில் வரும் சுண்ணாம்புச்சத்தும் ஃபோலேட் என்னும் பி வைட்டமினும் நாரும் எண்ணெயில் எத்தனை ஸ்பூன் ஊற்றினாலும் வரப்போவதில்லை.

எண்ணெய் பாக்கெட்டிலிருந்து உண்மையாகவே கிடைக்கும் லாபம் வைட்டமின் டி. கீரையில் அது கிடையாது. ஒரு நாளைக்கான மொத்த எண்ணெயிலும் 3 அல்லது 4 மைக்ரோகிராம் கிடைக்கும், தேவை 15. மீதிக்கு வெயில்தான் வழி. உங்கள் ஊரில் அதற்குப் பஞ்சமில்லை.

சரி, மாமியார் சொன்ன ‘ஒட்டாது’ என்பதற்கு வருகிறேன். எனக்கு இந்தக் கடிதத்தில் மிகவும் பிடித்த சொல் அது.

அடுத்த முறை முருங்கைக்கீரை வதக்கும்போது அடுப்பை அணைத்துவிட்டுச் சட்டியைச் சற்றுச் சாய்த்துப் பாருங்கள். கீரையை ஒரு பக்கம் ஒதுக்கினால் அடியில் ஓரிரு துளி எண்ணெய் சேரும். ஊற்றும்போது இளமஞ்சளாக இருந்த அந்த எண்ணெய் இப்போது பச்சையாக இருக்கும். ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் அதைத் தொட்டு வைத்தால் இன்னும் நன்றாகத் தெரியும். இலைக்குள் இருந்த பச்சையமும், அந்தப் பச்சைக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் மஞ்சள் கரோட்டினும் எண்ணெயில் இறங்கியதால் வந்த நிறம் அது. கரோட்டின் தண்ணீரில் கரையாது, கொழுப்பில்தான் கரையும். வைட்டமின் ஈயும் வைட்டமின் கேயும் அப்படித்தான்.

சட்டியில் நடப்பது குடலிலும் நடக்க வேண்டும். சாப்பாட்டில் கொஞ்சம் கொழுப்பு இருந்தால்தான் பித்தப்பை சுருங்கிப் பித்தநீரை விடும். அந்தப் பித்தநீர் கொழுப்பைக் கண்ணுக்குத் தெரியாத நுண்துளிகளாக உடைக்கும். கரோட்டின் அந்தத் துளிகளில் ஏறிக்கொண்டுதான் குடல் சுவரைக் கடக்கும். கொழுப்பே இல்லாவிட்டால் ஏறிப்போக வண்டி இல்லை. வந்த வழியே வெளியேறிவிடும். ‘உடம்புல ஒட்டாது’ என்பதற்கு இதைவிடச் சரியான விளக்கம் எனக்குத் தெரியாது.

இது வெறும் வாய்ப்பேச்சு இல்லை. ஹைதராபாத் நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் குழந்தைகளுக்குக் கீரை கொடுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 1980இல் வெளிவந்தது. எண்ணெய் சேர்த்துக் கீரை சாப்பிட்ட குழந்தைகளுக்கு ரத்தத்தில் வைட்டமின் ஏ நன்றாக ஏறியது. அதற்கு 5 கிராம் எண்ணெயே போதுமானதாக இருந்தது. 2004இல் அமெரிக்காவின் அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தினர் பச்சைக் காய்கறி சாலட்டில் இதையே சோதித்தார்கள். கொழுப்பே இல்லாத சாஸ் ஊற்றிச் சாப்பிட்டவர்களின் ரத்தத்தில் கரோட்டின் ஏறவே இல்லை என்று சொல்லும் அளவுக்குத்தான் இருந்தது.

இதைப் படித்துவிட்டு நான்கு மாதம் வீணாகிவிட்டதே என்று கலங்க வேண்டாம். நாருக்கு எண்ணெய் தேவையில்லை. இரும்பும் கால்சியமும் எண்ணெயை எதிர்பார்ப்பவை அல்ல. அவையெல்லாம் உங்கள் கணவருக்குப் போய்ச் சேர்ந்திருக்கின்றன. தவிர, எண்ணெய் அந்தக் கீரையிலேயே இருக்க வேண்டும் என்றும் கட்டாயமில்லை, அதே வேளைச் சாப்பாட்டில் இருந்தால் போதும். கீரையோடு ஒரு முட்டையோ மீன் குழம்போ தேங்காய்த் துவையலோ இருந்த நாட்களில் கரோட்டினும் ஓரளவு சேர்ந்திருக்கும். வெறும் ரசம் சோறும் வேகவைத்த கீரையுமாகப் போன நாட்களில்தான் அது இழப்பு.

ஆகவே ஆளுக்கு ஒரு டீஸ்பூன், அதாவது 40 கலோரி. உங்கள் வீட்டில் நான்கு பேர் என்றால் கீரைக்கு நாலு டீஸ்பூன். கடுகு, உளுந்து, வரமிளகாய், நாலு பல் பூண்டு, ஒரு கை சின்ன வெங்காயம் இவற்றைத் தாளிக்க இது தாராளம். தேங்காய்த் துருவல் போடுகிற நாளில் எண்ணெயைப் பாதியாக்கிவிடலாம், ஏனென்றால் தேங்காயில் மூன்றில் ஒரு பங்கு கொழுப்புதான். ஆனால் தேங்காயில் இருப்பது பெரும்பாலும் நிறைகொழுப்பு, அதாவது ரத்தத்தில் கெட்ட கொழுப்பை ஏற்றும் வகை. உங்கள் கணவருக்கு இப்போதைக்கு அதைவிட வறுத்த வேர்க்கடலையை ஒன்றிரண்டாக இடித்து முருங்கைக்கீரையில் தூவுவது நல்லது. எள்ளுப்பொடியும் போடலாம். அவர் முகத்தைச் சுளிக்காமல் சாப்பிட வேண்டும் என்பதும் எனக்கு முக்கியம். வாய்க்குப் பிடிக்காத மருந்துச் சாப்பாடு ஆறு மாதத்துக்கு மேல் எந்த வீட்டிலும் நிலைத்து நான் பார்த்ததில்லை.

அப்படியானால் எண்ணெயை எங்கே குறைப்பது? சென்ற ஆண்டு ஒரு தம்பதி என்னிடம் வந்தார்கள். அவருக்கும் உங்கள் கணவரைப் போலவே கொழுப்பு கூடியிருந்தது. ‘குழம்புக்கு ஒரு கரண்டிதாம்மா ஊத்துறேன், அதுக்கு மேல ஒரு சொட்டு கிடையாது’ என்று அந்தச் சகோதரி உறுதியாகச் சொன்னார். அடுத்த முறை வரும்போது அந்தக் கரண்டியைக் கொண்டுவரச் சொன்னேன். மஞ்சள் பையில் சுற்றிக் கொண்டுவந்தார், மாமியார் காலத்துக் குழிக்கரண்டி. அதில் தண்ணீரை நிரப்பி டீஸ்பூனால் அள்ளி அள்ளி ஒரு தம்ளரில் ஊற்றினோம். அவரே வாய்விட்டு எண்ணினார். ஒன்பதில் முடிந்தது. 45 மில்லி, 370 கலோரிக்கு மேல். மூன்று பேருக்கான ஒரு வேளைக் குழம்பு மட்டும் அது. பொரியல், தாளிப்பு, தோசைக்கு விடுவது எல்லாம் தனி. அவர் பொய் சொல்லவில்லை. கரண்டி ஒன்றுதான், ஆனால் அதன் வயிறு பெரிது. அன்றைக்கு அவர் கண்ணில் பார்த்த திகைப்பை நான் மறக்கவில்லை. அடுத்த மாதத்திலிருந்து எண்ணெய் டப்பாவுக்குள் ஒரு டீஸ்பூனைப் போட்டுவைத்துவிட்டார்.

நீங்களும் அதையே செய்யுங்கள். 2024இல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டியில், நாளுக்கு 2,000 கலோரி சாப்பிடும் ஒருவருக்கு எண்ணெயும் நெய்யும் எல்லாம் சேர்த்து 27 கிராம் என்று போட்டிருக்கிறார்கள். 30 மில்லி, ஆறு டீஸ்பூன். மாதத்துக்கு ஆளுக்கு 900 மில்லி. நான்கு பேருக்கு மூன்றரை லிட்டரைத் தாண்டக் கூடாது. மாமியாருக்கு வயதாகியிருக்கும், கணவருக்குக் கொழுப்பு இருக்கிறது என்பதால் மூன்று லிட்டரில் நிறுத்தப் பாருங்கள். மாதத் தொடக்கத்தில் மூன்று பாக்கெட்டை மட்டும் எடுத்து வெளியே வையுங்கள். முடியும் தேதியைச் சமையலறைக் காலண்டரில் குறித்து வந்தால் உண்மை தானே வெளிப்படும்.

அந்த ஆறு டீஸ்பூனில் ஒன்றைக் கீரைக்கு ஒதுக்கிய பிறகு மீதி ஐந்தை எங்கே செலவழிப்பது என்பதுதான் உங்கள் வேலை. குறைக்க வேண்டிய இடம் பொரிக்கிற சட்டி. அப்பளம், வடகம், பஜ்ஜி, சாயங்கால மிக்சர், கடைப் பரோட்டா, டீயோடு பிஸ்கட். கணவர் வெளியில் சாப்பிடுவதையும் ஒரு வாரம் எழுதிப் பாருங்கள். கடை எண்ணெய் திரும்பத் திரும்பக் காய்கிறது. பலமுறை காய்ச்சிய எண்ணெயில் சேரும் கழிவுப் பொருட்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அதைப் பயன்படுத்தக் கூடாது என்று 2018 முதல் விதி இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு பஜ்ஜிக் கடையிலும் அதை அளந்து பார்க்க நம்மால் ஆகாது. வீட்டிலும் வடை சுட்ட எண்ணெயை மறுநாள் மறுபடி பொரிக்க எடுக்காதீர்கள்.

கொலஸ்ட்ராலைப் பற்றி ஒரு வார்த்தை. ‘கொலஸ்ட்ரால் இல்லாதது’ என்று பாக்கெட்டில் பெரிதாகப் போட்டிருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். எந்தத் தாவர எண்ணெயிலும் அது சொல்லும்படியாக இருப்பதில்லை, கீரையில் இல்லாததுபோலவே. ரத்தத்தில் எல்.டி.எல். என்னும் கெட்ட கொழுப்பை ஏற்றுவது நிறைகொழுப்பும், எண்ணெயைக் கெட்டியாக்கும்போது உருவாகும் டிரான்ஸ் கொழுப்பும்தான். தேங்காய் எண்ணெயில் நிறைகொழுப்பு 80 சதவீதத்துக்கு மேல், பாமாயிலில் பாதிக்குப் பாதி, கடலை எண்ணெயில் 17, நல்லெண்ணெயில் 14, சூரியகாந்தியில் 10 சதவீதம் அளவில்.

இதில் இருந்தே செக்கு எண்ணெய் பற்றிய உங்கள் கேள்விக்கும் பதில் வந்துவிடுகிறது. செக்கில் ஆட்டிய நல்லெண்ணெய், கடலை எண்ணெய் இரண்டும் நல்லவை. மணம் இருக்கிறது. நல்லெண்ணெயில் அது சீக்கிரம் சிக்குப் பிடிக்காமல் காக்கும் இயற்கைப் பொருட்களும் இருக்கின்றன. எனக்குத் தனிப்பட்ட முறையில் கீரைக்கு நல்லெண்ணெய்த் தாளிப்புதான் பிடிக்கும். ஆனால் செக்கு எண்ணெயிலும் கிராமுக்கு அதே 9 கலோரிதான். ‘செக்கு எண்ணெய்தானே’ என்று கை தாராளமாகிவிட்டால் கொழுப்பு குறையாது. பெரும்பாலும் அதில் வைட்டமின் ஏ, டி சேர்ப்பதும் கிடையாது. ஆகவே ஒரு மாதம் கடலை எண்ணெய், ஒரு மாதம் நல்லெண்ணெய், இடையில் சூரியகாந்தி என்று மாற்றி மாற்றி வாங்குங்கள். எதை வாங்கினாலும் அளவு மாறக் கூடாது.

உங்கள் மகளுக்காக ஒன்று. கொழுப்பு என்று வந்தால் எண்ணெய்தான் ராஜா என்று அவள் நினைத்திருப்பாள். ஒமேகா 3 வகைக் கொழுப்பு நல்லெண்ணெயிலும் கடலை எண்ணெயிலும் சூரியகாந்தியிலும் இல்லையென்றே சொல்லிவிடலாம். அது கீரையில் இருக்கிறது. இலையில் உள்ள அந்தத் துளிக் கொழுப்பில், ஒளியைப் பிடித்து உணவாக்கும் பச்சைய அடுக்குகளில் இருப்பது பெரும்பாலும் இதுதான். தோட்டத்தில் தரையோடு படரும் பருப்புக்கீரையில் மற்றக் கீரைகளைவிடக் கூடுதல். அளவு சிறிதுதான், மீனுக்கு ஈடாகாது. இருந்தாலும், கொழுப்பே இல்லாதது என்று நாம் நினைக்கிற இலையில், முழுக்கக் கொழுப்பான எண்ணெயில் கிடைக்காத கொழுப்பு இருக்கிறது. இதையும் நோட்டில் ஒரு வரி எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.

சமைக்கும் முறைக்கு வருகிறேன். கீரையைக் கழுவிய பிறகு நறுக்குங்கள், நறுக்கிய பிறகு கழுவ வேண்டாம். கழுவிய ஈரமே முருங்கைக்கீரை வேகப் பாதிக்குப் பாதி போதும், கையளவு தண்ணீர் தெளித்தால் மீதிக்கும் ஆயிற்று. தண்டங்கீரை, அரைக்கீரையை மத்தால் மசியக் கடைவது நல்ல பழக்கம். இலையின் சுவருக்குள் அடைபட்டிருக்கும் கரோட்டின் வெந்து மசியும்போது சுலபமாக வெளியே வரும். சாப்பிடும்போது எலுமிச்சை பிழிந்துகொண்டால் இரும்பு கூடுதலாகச் சேரும், வேகும்போது அழிந்த வைட்டமின் சிக்கும் ஈடாகும். சாப்பிட்ட கையோடு டீ குடிக்கும் பழக்கம் இருந்தால் ஒரு மணி நேரம் தள்ளிவையுங்கள். இது உங்கள் மகளுக்குத்தான் அதிகம் பொருந்தும். அந்த வயதுப் பெண்களுக்கு நாளுக்கு 29 மில்லிகிராம் இரும்பு வேண்டும்.

இன்னொன்றைக் கேட்காமல் விட முடியாது. உங்கள் கணவர் இதய வால்வு சிகிச்சைக்குப் பிறகோ வேறு காரணத்துக்காகவோ ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுக்கிறாரா? அந்த வகை மாத்திரைகளில் சில வைட்டமின் கேயை எதிர்த்து வேலை செய்பவை. கீரையில் வைட்டமின் கே மிகுதி, தண்டங்கீரை வகையில் பாலக்கீரையைவிடவும் அதிகம். எண்ணெய் சேர்க்கும்போது அது உடம்பில் கூடுதலாகவும் சேரும். அப்படி மாத்திரை இருந்தால் நான் சொன்ன மாற்றத்தைச் செய்வதற்கு முன் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். கீரையை நிறுத்தச் சொல்ல மாட்டார்கள். வாரா வாரம் ஒரே அளவில் சாப்பிடச் சொல்வார்கள். கொழுப்புக்கான மாத்திரை மட்டும் என்றால் கவலையில்லை. அதைத் தானாக நிறுத்திவிட மட்டும் விடாதீர்கள். மூன்று மாதம் கழித்து அதே பரிசோதனையை மறுபடி எடுத்துப் பாருங்கள்.

கடைசியாக, கீரை வடித்த தண்ணீர். கொட்ட வேண்டாம். வைட்டமின் சியும் ஃபோலேட்டும் அந்தத் தண்ணீரில்தான் இறங்கியிருக்கும். வீட்டில் யாருக்காவது சிறுநீரகக் கல் இருந்தால் மட்டும் பாலக்கீரையும் தண்டங்கீரையும் வெந்த தண்ணீரை வடித்துக் கொட்டிவிடுங்கள், கல்லுக்குக் காரணமான ஆக்சலேட்டும் அதில்தான் இறங்கும். மற்றபடி கொஞ்சத் தண்ணீரில் வேகவைத்தால் இறுக்க வேண்டிய தேவையே வராது. முருங்கைக்கீரைத் தண்ணீர் மிஞ்சினால் மிளகும் சீரகமும் பூண்டும் தட்டிப் போட்டு, ஒரு தக்காளியைக் கரைத்து, நுரை கட்டும்வரை வையுங்கள். கால் டீஸ்பூன் நெய்யில் கடுகு தாளித்து, முதல் தம்ளரை உங்கள் மாமியாருக்குக் கொடுங்கள்.